இடி வராத மின்னல்

அக்டோபர் 5

மழை இல்லை. மழைமானியில் ஒரு செத்த எறும்பு கிடந்தது, அவ்வளவுதான்.

புது நோட்டு என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். நான் மங்கையர்க்கரசி. வேதாரண்யம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் வருத்தமும் இல்லை. மொட்டை மாடியில் மழைமானி வைத்துத் தினமும் அளவெடுத்து ‘டெல்டா வானம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். சின்ன வயதில் அம்மை போட்டதில் இடது கண் போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்று, அதற்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான், இரண்டு கண் இருக்கிறவர்கள் கோட்டை விடும் மேகத்தையெல்லாம் பிடித்துச் சொல்கிறேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

கூட இருப்பது தங்கை திலகவதி. புருஷன் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். சமையல், கோயில், டிவி சீரியல் என்று அவள் பாட்டுக்கு இருப்பாள். வாயாடமாட்டாள். என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பது அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

சாயங்காலம் மாடியில் உட்கார்ந்திருந்தபோது வலப்பக்கம், கடல் இருக்கும் கிழக்குத் திசையில், ஒரு மின்னல். வளைந்து, அரிவாள் போல. இடி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அக்டோபர் 7

மழை இல்லை. இருட்டும் நேரத்தில் கிழக்கே மின்னல், மூன்று தடவை. வானத்தில் மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. துணி எடுக்க வந்த திலகாவிடம் கேட்டேன்.

“இப்ப மின்னுச்சே, பாத்தியா?”

“ஆமாக்கா.”

“சத்தமே இல்லை பாரு.”

“ஆமாக்கா. நீலமா இருந்துச்சு.”

எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவளுக்கு இரண்டு கண் இருக்கிறது, நிறம் கூடுதலாகத் தெரியலாம்.

அக்டோபர் 8

குழுவில் போட்டேன்: ‘வேதாரண்யம், கிழக்கே தொடர் மின்னல், இடி இல்லை, கடலில் ஏதோ கூடுகிறது.’ குழுவை நடத்தும் நெடுஞ்செழியன் மன்னார்குடிக் கல்லூரியில் புவியியல் வாத்தியார். உடனே மின்னல் வரைபடத்தை எடுத்துப் போட்டார். வங்கக் கடல் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. ‘அக்கா, உங்க வீட்டு மாடிக்கு மட்டும் தனியா மின்னுதா?’ என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை. அதைப் பார்த்துவிட்டு வரிசையாகப் பத்துச் சிரிப்புப் பொம்மைகள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘என் தங்கையும் பார்த்தாள், நீல நிறம்’ என்று அடித்துப் போட்டேன். சாட்சி இருக்கிறது என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்டோபர் 11

மழை இல்லை. தீபாவளிக்காகக் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். நாற்காலியைத் திருப்பித் தெற்கே பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இன்றைக்கு மின்னல் மேற்கே வந்தது. அதே அரிவாள் வளைவு, அதே போல வலப்பக்கம். கடலில் இருந்த மின்னல் ஒரே நாளில் நிலத்துக்கு எப்படி வந்தது என்று புரியவில்லை. மேற்கே இருப்பது உப்பளம், கருவைக் காடு, அதற்கு அப்பால் வயல். திலகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மேற்கே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். “ஆமாக்கா, இப்பக்கூட மின்னுச்சு,” என்றாள். எனக்கு அப்போது மின்னவில்லை.

மதியம் சாம்பாரில் உப்பே இல்லை என்று கத்தினேன். ஆமாக்கா என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, நான் ஊற்றிக்கொண்டது சாம்பாரே இல்லை, வேக வைத்த வெறும் பருப்பு. அப்படியும் அவள் ஆமாக்காதான் சொன்னாள். இப்படியும் ஒரு பிறவி.

அக்டோபர் 14

மழை இல்லை, ஆனால் வரும். ஈசல் வந்துவிட்டது.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணுக்கு முன்னால் கருப்பாகப் பொடிப் பொடியாக ஒரு கூட்டம் பறந்தது. நடுவில் புகைக்கொடி மாதிரி ஒன்று நெளிந்தது. ஈசல் சாயங்காலம்தான் வரும், விளக்கைச் சுற்றும். இது காலை வெயிலில், ஜன்னல் வெளிச்சத்தில். நான் திரும்பிய பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. கையால் ஓட்டினேன், ஒன்றுகூடக் கையில் படவில்லை.

“அடியே, ஈசல்டி! அடுப்படி பூரா ஈசல்!”

“ஆமாக்கா, ஐயோ எவ்ளோ!” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மூலைமூலையாகப் பெருக்கி முறத்தில் வாரிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். போகும்போது முறத்தை எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. வெறும் முறத்தைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் தட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 15

ஈசல் போகவில்லை. இந்த நோட்டின் மேலேயே பறக்கிறது.

அக்டோபர் 17

மழை இல்லை.

பெரிய தாம்பாளம் எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனதும் மின்சாரம் போனது, காற்றுக்குக் கதவும் சாத்திக்கொண்டது. கும்மிருட்டு. தாழ்ப்பாளைத் தேடித் தலையைத் திருப்பினேன்.

மின்னியது.

அறைக்குள்ளே, பித்தளைப் பானை அடுக்குக்குப் பக்கத்தில், அதே அரிவாள். கண்ணை இறுக்கி மூடினேன். மூடிய பிறகும் மின்னியது. சத்தமே இல்லை. வீட்டுக்குள் வந்த மின்னலுக்குச் சத்தம் இல்லாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. கதவைக் குத்தித் திறந்துகொண்டு வெளியே வந்து, கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணில்தான் ஏதோ கோளாறோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் என் கண் கோளாறு என்றால் திலகா எப்படிப் பார்த்தாள்? அவள் கண்ணிலும் அதே நாள் அதே கோளாறா? வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, நீரும் வடியவில்லை. ஆபரேட்டர் வேலையில் குரலை வைத்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று பிடித்துவிடுவேன். திலகாவுக்குப் பொய் வராது.

ஆக, இருவருமே பார்க்கும் ஏதோ ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது. இதைக் குழுவில் போடவில்லை. கண்ணாடி பவரை வேண்டுமானால் தீபாவளி கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

அக்டோபர் 20, தீபாவளி

மழை! மதியம் பிடித்தது, விடவில்லை. பட்டாசெல்லாம் நமுத்துப்போய்த் தெருப் பையன்கள் என்னைத் திட்டினார்கள், நான்தான் வரவழைத்த மாதிரி. குழுவில் நெடுஞ்செழியனே ‘அக்கா சொன்னது நடந்துவிட்டது’ என்று எழுதினார். வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

இடதுபக்கம் கீழே ஒரு மேகம் கிடக்கிறது, தாரைப் போலக் கருப்பாக. மழை மேகம் நகரும். இது நகரவில்லை.

அக்டோபர் 21

நேற்றைய மழை போதுமான அளவு. எண்ணைச் சரியாகப் படிக்க முடியவில்லை, மானியின் அடிப்பக்கம் நிழலாக இருந்தது.

அந்த மேகம் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. மாடியில் நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கும் கீழே கிடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் மேகம் எப்படி வரும்? திலகாவிடம், “அந்த மேகத்தைப் பாத்தியா?” என்றேன். அவள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “ஆமாக்கா, கருகருன்னு இருக்கு,” என்றாள்.

அக்டோபர் 22

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் திலகா கோயில் குளத்துக்குப் போனாள். சட்டென்று வருபவள் வெகுநேரம் வரவில்லை. மழைத் தண்ணீரில் குளம் நிரம்பிப் படியெல்லாம் பாசி. நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்தாள், தலை முழுக்க ஈரம். “வழுக்கிடுச்சுக்கா,” என்றாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் மாடியில் இருந்தேன். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. காபி டம்ளரோடு திலகா என்னை நோக்கி வந்தாள். முகம் தெரிந்தது. தோள் தெரிந்தது, டம்ளரைப் பிடித்த கை தெரிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. புடவைக் கொசுவம் இல்லை, கால் இல்லை, நிழல்தான் இருந்தது. பாதி ஆள் காற்றில் மிதந்துகொண்டு என்னிடம் வந்தது.

“காபிக்கா.”

யாருக்குக் கால் இருக்காது என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் இதையெல்லாம் கேட்டாலே கேலி செய்கிறவள். ஆனால் அந்த நிமிஷத்தில் கேலி எங்கே போனதோ தெரியவில்லை. என்னைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத மின்னல் இவளுக்குத் தெரிகிறது. இல்லாத ஈசலை வாரிக்கொண்டு போய்க் கொட்டினாள். காலையில் குளத்தில் வழுக்கினாள்.

வழுக்கியவள் எழுந்தாளா?

காபியைத் தொடவில்லை. அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வெளியே அவள் நடமாடுகிறாள். பாத்திரச் சத்தம் கேட்கிறது. காலடிச் சத்தமும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 23

நாகப்பட்டினத்தில் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடு தெரியவில்லை, வரி எங்கே போகிறதோ போகட்டும். நடந்ததை நடந்த மாதிரி எழுதிவிட வேண்டும்.

காலையில் கதவைத் திறந்தேன். எதிரே நின்றாள். இப்போது மார்பு வரைக்கும் இல்லை.

“நீ யாருடி?” என்று கேட்டேன்.

“என்னக்கா இது, நான் திலகாக்கா.”

“காலைக் காட்டு.”

“என்னது?”

“காலைக் காட்டுடி!” என்று அலறினேன்.

அவள் பயந்துபோய்ப் புடவையைத் தூக்கிப் பிடித்தாள் போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, கருப்புதான் தெரிந்தது. நான் கீழே உட்கார்ந்து கையை நீட்டித் துழாவினேன். கிடைத்தது. வெடிப்பு விட்ட குதிகால், விரலிடுக்கில் ஈரம், சூடான சதை. முழங்காலில் தேங்காயெண்ணெய் தடவிய சிராய்ப்பு, நேற்று குளத்தில் விழுந்தது. என் தங்கையின் கால்தான். கையில் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை.

தரையில் உட்கார்ந்தபடியே கேட்டேன். “திலகா, சாமி சத்தியமாச் சொல்லு. அந்த மின்னலை நீ பாத்தியா?”

என் கையிலிருந்து காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“பாத்தியா இல்லையாடி?”

“பாக்கலைக்கா.” குரல் உடைந்துவிட்டது. “ஒரு நாளும் பாக்கலை. ஈசலும் இல்லை, மேகமும் இல்லை. நீ கேட்ட, நான் ஆமான்னேன்.”

“நீலம்னியே!”

“வெறும ஆமான்னா நீ நம்பமாட்டியோன்னு சொன்னேன்.”

“இல்லைன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா, பாவி?”

“என்னைக்குக்கா உன்கிட்ட நான் இல்லைன்னு சொல்லியிருக்கேன்? சொன்னா நீ விட்டுடுவியா? ரெண்டு நாள் சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. ஏதோ மின்னல்தானே, ஆமான்னா உனக்குச் சந்தோஷம்னு இருந்துட்டேன். உன் கண்ணுன்னு எனக்குத் தோணலையேக்கா!”

ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் கன்னமும் இல்லாமல் போயிருக்குமோ என்று பயமாக இருந்தது. அதற்குள் அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண். சொட்டுமருந்து விட்டு, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்து வருகிறதாம். கண்ணாடி பவர் அதிகம் இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதலாம்.

“வலிக்கவே இல்லையே டாக்டர்,” என்றேன்.

“வலிக்காதும்மா. அதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. புதுசா மின்னல் மாதிரி வெட்டினாலோ, திடீர்னு கரும்புள்ளி கூட்டமா பறந்தாலோ அன்னைக்கே வந்து காட்டியிருக்கணும். கிழிசல் மட்டும் இருந்தா பெரும்பாலும் லேசர் வெச்சே அடைச்சிருப்போம். ஓரத்துல திரை மாதிரி கருப்பா ஏற ஆரம்பிச்சுட்டா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.”

“மழை வருதுன்னு நெனச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. “ஒரே கண்ணும்மா உங்களுக்கு,” என்றார், தணிந்த குரலில். இன்றே தஞ்சாவூருக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே ஆபரேஷன். திலகா வண்டி பேசப் போயிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் மேல் பாதி மட்டும்தான் எனக்குத் தெரிகிறது, கீழே என்ன எழுதுகிறேன் என்று

அக்டோபர் 28

இது திலகாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். அது விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம், அதனால் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பிடுவதும் தலை குனிந்துதான். என் வாழ்நாளில் யாருக்கும் இவ்வளவு தலை குனிந்ததில்லை. திலகா இதைக் கேட்டுச் சிரிக்கிறாள். எழுதுடி, சிரிக்காதே.

கண் கட்டியிருக்கிறது. கட்டுக்குள்ளும் அவ்வப்போது மின்னுகிறது. ஆறும்போது கொஞ்ச நாள் இருக்கும், கூடினால் சொல்ல வேண்டும் என்றார்கள். அது வரும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. கையை நீட்டித் திலகாவைத் தொட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 12

வீடு வந்துவிட்டோம். மானியைத் திலகா பார்த்தாள். முதலில் தலைகீழாகப் பிடித்துக் கொட்டிவிட்டாளாம், அதனால் இன்றைய அளவு இல்லை. இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் நடுங்கியது. நான் திட்டவில்லை. திட்ட வந்ததை முழுங்கினேன்.

கண்ணைத் திறந்தால் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல் எல்லாம் அலையலையாக இருக்கிறது. வாயு கரையக் கரையச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பர் 4

தஞ்சாவூர் போய்க் காட்டிவிட்டு வந்தோம். வாயு முழுக்கக் கரைந்துவிட்டது. பெரிய டாக்டர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பலகை தெரிந்தது. எழுத்துத் தெரியவில்லை. “சரிம்மா, சொட்டுமருந்தை விடாதீங்க,” என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு திலகாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயல் பச்சையாகத் தெரிந்தது, ஆட்கள் அசைவது தெரிந்தது. திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பயமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், இவளிடமிருந்து ஒரு ஆமாக்கா வந்தால் போதும் என்று இருந்தது. அதனால் கேள்வியை அதற்குத் தோதாகவே கேட்டேன்.

“போகப் போக எழுத்தெல்லாம் தெரிஞ்சிடும்தானேடி?”

திலகா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

“இல்லைக்கா,” என்றாள்.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. “நடுவுல இருக்கற எடமும் உரிஞ்சிருச்சாம். ஆளு தெரியும், வழி தெரியும், நடக்கலாம் கொள்ளலாம். எழுத்து தெரியாதுன்னாரு. மின்னல் வந்தப்பவே வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்னாரு.”

நான் அழுதேன். பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். “என்னைக் கொன்னு போட்டுடுக்கா,” என்றாள். “கொன்னுட்டா எனக்கு யாருடி சோறு போடுவா,” என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இதை எழுத வேண்டாம் என்கிறாள் திலகா. எழுது.

வேதாரண்யத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. தூறல் வேறு. திலகா முதலில் இறங்கி நின்று கையை நீட்டினாள். அவள் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் ஒரே கருப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினேன், இன்னொரு படி இறங்கினேன்.

“தரை வந்திடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்லைக்கா. இன்னும் ஒரு படி இருக்கு.”

காலை வைத்துப் பார்த்தேன். இருந்தது.